வெள்ளைத்துணியை விலக்குகிறவர்

இப்போது பிணங்கள் சிலிக்கனில் வருகின்றன. பெட்டியில் வந்து, மேசையில் கிடந்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. அவை குளிர்கிறது என்று முணுமுணுப்பதில்லை, மத்தியானச் சாப்பாடும் கேட்பதில்லை. எங்கள் தொலைக்காட்சித் தொடரில் ஒப்பனை செய்த பெண் இதைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ரொறொன்ரோவில் நடிக்க வந்திருக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். "அங்கிள், உங்கட எக்ஸ்பீரியன்ஸை எழுதித் தாங்கோ" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் சாக்குப்போக்குச் சொல்லிக் காலத்தைக் கடத்தினேன். அந்தத் தொலைபேசிக்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஊக்கம் தரும் கட்டுரை வேண்டுமென்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். மனம் கோணமாட்டேன்.

நான் எப்படி நடிகனானேன் என்பதில் பெரிய கதை எதுவும் இல்லை. அகதியாக ரொறொன்ரோவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்தவன் ஒருவன், படப்பிடிப்பில் சும்மா நின்றாலே சாப்பாடு தருகிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போனான். நின்றேன். பிறகு ஒரு வரி பேசச் சொன்னார்கள், பேசினேன். அதன் பிறகு ஒரு முகவர் கிடைத்தார். டாக்சிக்காரர், கடைக்காரர், ஹோட்டலில் சாவி கொடுப்பவர், மறுபடியும் டாக்சிக்காரர் என்று வருடங்கள் ஓடின. நான் நடித்த ஆட்களுக்குப் பெயர் கிடையாது. ஒரு தடவை டாக்டர் வேடம் கிடைத்தது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். தாளில் பார்த்தால் 'இரண்டாவது டாக்டர்' என்று இருந்தது.

எல்லாமே அமெரிக்கப் படங்களும் தொடர்களும்தான். ரொறொன்ரோவின் ஒரு தெருவை மறித்து, கார்களின் நம்பர் தகடுகளை மாற்றி, மூலையில் நீலத் தபால்பெட்டி ஒன்றை நட்டு, ஒரு அமெரிக்கக் கொடியையும் தொங்கவிட்டால் அது அமெரிக்காவாகிவிடும். மாலையில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். நானும் மில்லிக்கனில் இருக்கும் என் வீட்டுக்குக் காரோட்டி வருவேன். எல்லை தாண்டி ஒரு நாள்கூட வேலை செய்யாத அமெரிக்க நடிகன் நான்.

பிறகுதான் அந்தப் பொலிஸ் தொடர் வந்தது. அதில் நான் பிணவறை ஊழியர். யாராவது கொலையுண்டால், சொந்தக்காரர் அடையாளம் காட்ட வருவார்கள். நான் வெள்ளைத்துணியை விலக்குவேன். "ஆறுதலாகப் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். அவர்கள் பார்த்து அழுவார்கள். நான் மூடுவேன். இதைத்தான் அந்தத் தொடர் முடியப்போகும் வரைக்கும் செய்துகொண்டிருந்தேன். இடையில் அந்த வரியையும் எடுத்துவிட்டு, தலையை அசைத்தால் போதுமென்றார்கள்.

அந்த வேலையை எனக்குப் பழக்கியவர் றிச்சர்ட் என்ற இயக்குநர். நெட்டையான, சத்தமே போடாத மனிதர். மற்ற இயக்குநர்கள் தூரத்தில் திரைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் கமராவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருப்பார். ஏதாவது பிடிக்காவிட்டால் எழுந்து கிட்ட வந்து, கண்ணாடியைக் கழற்றி, சேர்ட் நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "இன்னும் குறை" என்பார். அவ்வளவுதான், போய் இருந்துவிடுவார். முதல் நாள் நான் கண் கலங்கத் துணியை விலக்கினேன். நன்றாகச் செய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பூரித்துப்போன புளுகம் வேறு. மனுசன் எழுந்து வந்தார்.

"அழுவதற்கு அந்தச் சொந்தக்காரர் இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்கிறோம். உனக்குத் துணி" என்றார்.

அந்தத் துணிக்கும் ஒரு முறை இருக்கிறது. தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இழுக்கக் கூடாது, மடித்துக்கொண்டு வர வேண்டும். காறை எலும்போடு நிறுத்தி மடிப்பைச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஓரடி பின்னால் போய், நம் நிழல் முகத்தில் விழாமல் நிற்க வேண்டும். அழுகிறவர்களைப் பார்க்கக் கூடாது, பார்க்காமலும் இருக்கக் கூடாது. நான் அவர்களுடைய கைகளைப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

மேசையில் கிடப்பவர்கள் பெரும்பாலும் புதிதாக வந்த இளம் நடிகர்கள். முகத்தில் நீலப்பூச்சு, முதுகுக்குக் கீழே ஒரு சூட்டுப் பை. கமரா ஓடும் நேரத்தில் மூச்சுப் பிடிக்க வேண்டும். கண்ணை மூடிக் கிடக்கிறவருக்கு எப்போது முடிந்தது என்று தெரியாது. அதனால் துணியை மூடியதும் தோளில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டுவேன். முடிந்தது, மூச்சு விடலாம், எழும்பலாம் என்று அர்த்தம். எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானாகத் தொடங்கியது. அந்தத் தட்டுக்காகவே என்னைப் பிணங்களுக்குப் பிடிக்கும்.

வீட்டில் வேறு கதை. என் மனைவிக்கு இது நடிப்பு என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் துணி விலக்கிய நாளில் முன்வாசலால் வரவிடமாட்டாள். கராஜ் வழியாக பேஸ்மெண்டுக்குள் போய், தலை முழுகி, உடுப்பு மாற்றித்தான் மேலே வர வேண்டும்.

"செத்தது ஆர்?" என்று கேட்பேன்.

"ஆரெண்டாலும் செத்தவீடு செத்தவீடுதான். முழுகிப்போட்டு வாங்கோ" என்பாள்.

தொடர் ஓடத் தொடங்கியதும் வெளியிலும் வில்லங்கம் வந்தது. கலியாண வீடுகளில் சிலர் என்னைக் கண்டதும் பார்வையைத் திருப்பினார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரில் வரக்கூடாத முழிவியளமாகிவிட்டேன் என்று விளங்கியது. ஆனால் செத்தவீடு என்றால் முதல் தொலைபேசி எனக்குத்தான் வரும். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்து முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, அப்பா ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டார். சனிக்கிழமைக்கிடையில பொடியை எடுத்துத் தரேலுமோ?"

"தம்பி, நான் அங்கை வேலை செய்யேல்லை. நான் நடிக்கிறனான்."

"அது தெரியும் அண்ணை. எண்டாலும் உங்களுக்கு உங்கினேக்கை ஆக்களைத் தெரியும்தானே?"

எனக்கு யாரையும் தெரியாது. இருந்தாலும் போனேன். போய் அமைதியாக நின்றேன், ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அழுகிறவர்களுக்குக் கதிரை எடுத்துக் கொடுத்தேன். அந்த உடல் சனிக்கிழமைக்கு முன் வந்துவிட்டது. அது தானாக வந்திருக்கும். ஆனால் பெயர் எனக்குக் கிடைத்தது. அதன் பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட, ரொறொன்ரோவின் ஆஸ்பத்திரிகளும், இறந்தவர்களை வைக்கும் மலர்ச்சாலைகளும் எனக்கு உண்மையாகவே பழக்கமாகிவிட்டன.

இனி எழுதப்போவதுதான் நான் தள்ளிப்போட்டு வந்தது.

எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளிப் பரமேஸ்வரி அக்கா இருந்தார். புருஷன் காலமாகிப் பல வருடம். ஒரே மகன் கஜன். இங்கேயே பிறந்தவன், பொருட்கள் களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வை வேலை. தாயும் மகனும் ஒரே சோபாவில் இருந்து எங்கள் தொடரைப் பார்ப்பார்கள். அவன் தமிழில் கதை சொல்லச் சொல்ல இவர் பார்ப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ, அந்த வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடிக்காவிட்டால் எனக்குச் சனிக்கிழமை சனிக்கிழமையாக இருக்காது.

ஒரு நாள் அக்கா கேட்டார். "ஏன் தம்பி, அந்தப் பிள்ளையள் உப்பிடிச் செத்த மாதிரிக் கிடக்கேக்கை பயப்பிடமாட்டினமே?"

நான் தோளில் தட்டும் கதையைச் சொன்னேன். கஜனுக்கு அது பிடித்துவிட்டது. சோபாவில் நீட்டி நிமிர்ந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"அங்கிள், என்னை ஒருக்காச் செய்யுங்கோ."

"எழும்படா! அச்சானியம் பிடிச்ச விளையாட்டு" என்று அக்கா கத்தினார்.

அவன் எழும்பவில்லை. தாய் பயந்து போவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன். துள்ளி எழும்பி, "அம்மா, இற்ஸ் ஜஸ்ற் அ ஷோ!" என்று தாயைக் கட்டிப்பிடித்தான். அக்காவும் சிரித்துவிட்டார்.

அடுத்த பனிக்காலத்தில் கஜன் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பது வயதுகூட ஆகவில்லை. திடீர்ச் சாவு என்றபடியால் பரிசோதனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே முகத்தை ஒரு திரையில் படமாகக் காட்டி அடையாளம் கேட்டார்கள். அக்கா பார்த்தார்.

"உது படம். படத்தில என்னத்தையும் காட்டலாம்" என்றார்.

அக்காவின் தம்பி சிவநேசன்தான் பார்த்து ஓம் என்றார். உடலை மலர்ச்சாலைக்குக் கொண்டு வந்தார்கள். அக்கா அங்கே வரவும் மறுத்தார், அழவும் இல்லை. எரிக்கச் சம்மதமும் தரவில்லை. பெற்ற தாய் அவர்தான், அவர் சொல்லாமல் ஒன்றும் செய்யமுடியாது. நாள் போய்க்கொண்டிருந்தது. சிவநேசன் என் வீட்டுக்கு வந்து கதவடியிலேயே நின்று அழுதார்.

"அண்ணை, அக்கா அந்த நடிகர் தம்பி வந்து சொல்லட்டும் எண்டுறா. வேற ஒருத்தற்றை கதையையும் கேக்கிறாவில்லை. நீங்களும் சொல்லிச் சரிவராட்டில், டொக்டரிட்டைக் கேட்டு நித்திரைக் குளிசை குடுத்து, கையெழுத்தை வாங்கி, அவவை வீட்டில படுக்க விட்டிட்டு நாங்கள் அலுவலை முடிக்கிறதெண்டு யோசிக்கிறம்."

மகன் எரிகிறபோது தாய் மருந்து மயக்கத்தில் கிடப்பார். பிறகு எழும்பி, அவன் எங்கே என்று கேட்பார். அதற்குப் பிறகு அந்த மனுசி அந்த வீட்டில் எப்படி இருப்பார்? அதைத் தடுக்க என்னிடம் என்ன இருந்தது? துணி விலக்கத் தெரியும், வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

நான் போய்க் கூப்பிட்டதும் அக்கா மறுபேச்சில்லாமல் புறப்பட்டார். கையில் ஒரு பெரிய பை. காரில் ஏறியபின் பார்த்தேன். உள்ளே கஜனின் பனிக்கால ஜக்கெட்டும் சப்பாத்தும் இருந்தன.

"வெளியில உந்தக் குளிருக்கை எப்பிடி வாறது" என்றார். வழியெல்லாம் வீதியைப் பார்த்தே ஓட்டினேன்.

மலர்ச்சாலையின் உள்ளறையில் வெளிச்சம் குறைவு. ஊழியர் ஒருவர் கதவோரமாக நின்றார். சிவநேசன் சுவரில் சாய்ந்து நின்றார். மேசையில் வெள்ளைத்துணி.

"நீங்களே செய்யுங்கோ தம்பி" என்றார் அக்கா.

நான் ஊழியரைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். தலைமாட்டுக்குப் போனேன். இரண்டு கையாலும் பிடித்து, மடித்து, காறை எலும்போடு நிறுத்தினேன். மடிப்பைச் சரி செய்தேன். ஓரடி பின்னால் போனேன். பழகிய கைகள் ஒரு பிழையும் விடாமல் செய்தன. அந்த நேரத்தில் என் கைகளை எனக்கே பிடிக்கவில்லை.

கஜன் தூங்குகிறவன்போல் கிடந்தான். ஒரு கீறல்கூட இல்லை. அக்கா குனிந்து கவனமாகப் பார்த்தார்.

"நல்ல மேக்கப் போட்டிருக்கிறாங்கள்."

"ஓம் அக்கா, போட்டிருக்கினம்" என்றேன். அது உண்மை. மலர்ச்சாலையில் போடுவார்கள்.

"சரி. தட்டி விடுங்கோ" என்று பையில் இருந்து ஜக்கெட்டை வெளியே எடுத்து வைத்தார்.

"அக்கா..."

"தட்டுங்கோ தம்பி. பிள்ளை எவ்வளவு நேரத்துக்குத்தான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறது?"

சிவநேசன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இல்லை அக்கா, இது நிசம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதை எல்லோரும் அவருக்குச் சொல்லியாயிற்று. சொல்கிறவர்களை அவர் நம்பவில்லை, என் கையைத்தான் நம்பினார். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு நம்பிய பார்வையாளர் வேறு யாரும் இல்லை.

தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

படப்பிடிப்பில் அந்தத் தோள்கள் சூடாக இருக்கும், தட்டியதும் தளரும். இது மரம்போல் இருந்தது. அந்தக் குளிர் துணிக்கு மேலாலும் விரலில் ஏறியது. அக்கா என்னைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். காத்திருந்தார்.

"இன்னொருக்கா."

தட்டினேன்.

பிறகு அவர் தன் கையைக் கொண்டு வந்து அதே தோளில் வைத்தார். தட்டினார். "கஜன், முடிஞ்சுது. எழும்பு ராசா. வீட்டை போவம்" என்றார். அந்தக் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல்கள் கழுத்துக்குப் போயின, கன்னத்துக்குப் போயின, நெற்றிக்குப் போயின. வெறும் தாய்க்கை. அது சொன்னதை நாங்கள் ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

வெளியே எடுத்து வைத்த ஜக்கெட்டைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சிவம், கிரியைக்கு நாளைக் குறி" என்றார் தம்பியிடம். பிறகு நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அதை நான் எழுதப்போவதில்லை.

கிரியை நாளன்று மலர்ச்சாலை நிறைந்திருந்தது. அவனோடு வேலை செய்தவர்கள், படித்த பிள்ளைகள், அயலவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஐயர் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டு, "கொள்ளி வைக்கிறது ஆர்?" என்று கேட்டார். தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. தகப்பன்வழி ஆட்கள் இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. சிவநேசனின் மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம், மண்டபமும் எடுத்தாகிவிட்டது. கொள்ளி வைத்தால் அவர் மணவறைப் பக்கம் போகமுடியாது. அவர் மனைவி அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களும் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்கள். அவரவர் வீட்டில் அவரவர்க்கு நல்ல காரியங்கள் இருந்தன.

பின்வரிசையில் ஒருவர், "அந்த நடிகர் அண்ணையைச் செய்யச் சொல்லுங்கோவன். அவர் உதில பழக்கமான ஆள்தானே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அப்படி நினைத்துச் சொன்னார்.

பழக்கம்! எத்தனை பொய்ப்பிணங்களை மூடினாலும் இதில் என்ன பழக்கம் வரும்? திரும்பி ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கள் வையுங்கோ. அவனுக்கு உங்களைப் பிடிக்கும்."

நான் மனைவியைப் பார்த்தேன். நடிப்புச் சாவுக்கே என்னைத் தலை முழுக வைக்கிறவள். அவள் எழுந்து வந்து, என் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டாள். "போங்கோ" என்றாள்.

இங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தான். பெட்டி உள்ளே போய்க் கதவு மூடியதும் அதை அழுத்த வேண்டும். ஐயர் கற்பூரத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். சுற்றி வரச் சொன்னார், வந்தேன். பொத்தானில் என் விரலைப் பிடித்து வைத்தார். அழுத்தினேன். உள்ளே இரைச்சல் எழும்பியது. அந்தப் பிள்ளை சோபாவில் இருந்து துள்ளி எழும்பித் தாயைக் கட்டிப்பிடித்தது கண்ணுக்குள் வந்தது. என்னால் நிற்கமுடியவில்லை. அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, எத்தனையோ பேர் பார்க்க அழுதேன். வாழ்நாளில் நான் அப்படி அழுததில்லை.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி மற்றவளுக்கு மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"ரீவீயில வாறவர்தானே. பாருங்கோ, சொந்தத் தகப்பன் மாதிரியே செய்யிறார்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்துத் தொடர்க் கம்பனியில் இருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். கடைசிப் பகுதிகளை எடுக்கிறார்களாம், ஒரேயொரு காட்சிக்கு நான் வேண்டுமாம். வரமுடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள் அந்தப் பெண். உடம்புக்குச் சரியில்லையா, சம்பளத்தில் ஏதாவது பிரச்சினையா என்றாள்.

மகன் செத்துப்போனான் என்று சொன்னேன்.